வங்கித் தளத்தில் மட்டும் பாஸ்வேர்டு தானாக விழமாட்டேன் என்கிறது

கேள்வி
2025 நவம்பர் 3, காலை 7.52

ஆண்ட்ராய்டு போன், ஃபயர்ஃபாக்ஸ். இரண்டு தொல்லை. கரண்ட் பில் கட்டும் தளத்தில் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டபோது அவசரத்தில் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதைத் தட்டிவிட்டேன். அதன் பிறகு கேட்பதே இல்லை. அடுத்தது வங்கித் தளம். போன மாதம் வரை தானாக விழுந்த பாஸ்வேர்டு இப்போது விழவில்லை. பட்டியலில் போய்ப் பார்த்தால் பத்திரமாக இருக்கிறது. அப்டேட் வந்து கெடுத்துவிட்டதா? பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா?

பதில்
நவம்பர் 3, காலை 8.30

அழித்துவிடாதீர்கள். சிங்க் (சேமித்ததை உங்கள் கணக்கின் வழியே மற்றச் சாதனங்களுக்கும் கொண்டுபோகும் வசதி) போட்டிருக்காவிட்டால் சேமித்து வைத்த அத்தனையும் அதோடு போய்விடும்.

முதல் தொல்லைக்கு மருந்து சுலபம். செட்டிங்ஸில் பாஸ்வேர்டுகள் பகுதிக்குள் போனால் கடைசியில் விதிவிலக்குகள் என்று ஒன்று இருக்கும். ‘இனிக் கேட்காதே’ என்று விரட்டிய தளங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கரண்ட் பில் தளத்தை அங்கிருந்து எடுத்துவிட்டால் அடுத்த முறை உள்ளே போகும்போது மறுபடி கேட்கும். குரோம்காரர்களுக்கு இதே பட்டியல் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரின் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. என் பட்டியலில் 14 தளங்கள். அதில் ஒன்பதை நான் விரட்டியதாக ஞாபகமே இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் தட்டினால் இப்படித்தான்.

இரண்டாவதற்கு கேஷ், குக்கீ என்று தளங்களைப் பற்றி பிரவுசர் சேர்த்துவைத்திருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். சரியாகிவிடும்.

நவம்பர் 3, இரவு 10.05

கேஷையும் குக்கீயையும் துடைக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏற்கெனவே துடைத்திருந்தால் மன்னிக்கவும், எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

சாயங்காலம் என் வங்கிக் கணக்கைத் திறந்தேன். எனக்கும் விழவில்லை. மேலே முகவரியைத் தட்டி முழுவதுமாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்பு டாட் காம் என்று முடிந்த முகவரி இப்போது டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிறது.

போலி வங்கித் தளங்களைக் கட்டுப்படுத்த, இந்திய வங்கிகளுக்கென்று இந்த முகவரியைத் தனியாக ஒதுக்கப்போவதாக ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தது, அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் மாறிவிட வேண்டும் என்று கெடு. நீங்கள் கேட்டது நவம்பர் 3. தேதியைப் பார்த்ததுமே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

பிரவுசர் பழைய காலத் தபால்காரர் மாதிரி. விலாசத்தைப் பார்த்துத்தான் கொடுக்கும். வங்கியின் லோகோ, நிறம், மேலே ஓடும் எச்சரிக்கை வாசகம் இதெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியாது. சேமித்தபோது இருந்த முகவரியும் இப்போதைய முகவரியும் வேறு என்றால், அதைப் பொறுத்தவரை இது முன்பின் தெரியாத வீடு. பாஸ்வேர்டைக் கொடுக்காது. அப்டேட் எதையும் கெடுக்கவில்லை.

நவம்பர் 4, காலை 6.40

ராத்திரி முழுக்க இதே யோசனை. விழவில்லை என்பதைக் கோளாறு என்று எழுதிப் பழகிவிட்டோம். போன வருஷம் இந்தக் கோளாறுதான் என் பணத்தைக் காப்பாற்றியது.

ரிவார்டு பாயிண்ட் இன்றோடு காலாவதியாகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு எஸ்எம்எஸ். தட்டினேன். என் வங்கியின் பக்கம் அப்படியே அச்சு அசலாக வந்தது. யூசர் ஐடி கட்டத்தில் விரலை வைத்தேன், வழக்கமாகக் கீழே எட்டிப்பார்க்கும் பெயர் எட்டிப்பார்க்கவில்லை. அப்போது எனக்குச் சந்தேகம் வந்ததா? வரவில்லை. ‘சனியன், மறுபடி மக்கர் பண்ணுது’ என்று முனகிக்கொண்டு, பட்டியலைத் திறந்து, பாஸ்வேர்டை நகலெடுத்து, ஒட்டப்போனேன். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: “உங்ககிட்ட அந்த பேங்க் கிரெடிட் கார்டே இல்லையே, ரிவார்டு எப்படி வரும்?”

அதாவது பிரவுசர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. நான்தான் அதைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தேன்.

இப்போது வந்திருக்கும் சங்கடம் என்னவென்றால், உண்மையான வங்கியின் பக்கத்திலும் அதே மௌனம். இந்த மாதம் முழுக்க ஊரில் பாதிப்பேர் பட்டியலைத் திறந்து பாஸ்வேர்டை நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள். திருடனுக்கு இதைவிட நல்ல மாதம் கிடைக்காது.

ஆகவே, கேள்வி கேட்டவருக்கு: முதலில் ஒட்டாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பழைய முகவரியை நீங்களே டைப் செய்து, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். என் வங்கியில் பழைய முகவரி நேராகப் புதியதற்குத் தள்ளிவிடுகிறது. அப்புறம், முகவரியின் தொடக்கத்தில் https:// இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று படியுங்கள். அது டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும். பேங்க் டாட் இன் என்பது நடுவில் வந்து, அதற்குப் பிறகு புள்ளி வைத்து வேறு ஏதாவது வால் தொடர்ந்தால் ஓடிவிடுங்கள். போனில் முகவரிப் பட்டை சின்னது என்பதால் வால் வெளியே தெரியாமல் போகலாம். தட்டி, கடைசி வரை தள்ளிப் படிக்க வேண்டும்.

சரியான பக்கம்தான் என்று உறுதியானதும் ஒரே ஒரு முறை கையால் போடுங்கள். சேமிக்கவா என்று கேட்கும். சேமியுங்கள். அடுத்த முறையிலிருந்து விழும். பழைய பதிவு பாட்டுக்கு இருக்கட்டும், தொல்லை தராது.

நவம்பர் 4, மதியம் 1.15

இந்த பேங்க் டாட் இன்னை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கிவிட முடியாதா என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான சந்தேகம். முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி என்ற ரிசர்வ் வங்கியின் நிறுவனம்தான் இதற்கு ஒரே பதிவாளர். வங்கி அல்லாதவர்களுக்குக் கொடுப்பதில்லை.

நவம்பர் 4, இரவு 9.20

திருநெல்வேலி அண்ணாச்சி எழுதியிருக்கிறார்: “நீ பெருசா தபால்காரர் கதை சொல்லுத, எனக்குக் குரோம்ல புது முகவரியிலயும் தானா விழுதே, அப்போ என் போன் என்ன கெட்டுப்போச்சா?”

கெட்டுப்போகவில்லை அண்ணாச்சி. இரண்டு முகவரியும் எங்களுடையதுதான் என்று தளத்துக்காரரே அறிவிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய தளத்திலும் புதிய தளத்திலும் ஒரு சின்னக் கோப்பை வைத்து, ஒன்று மற்றொன்றைச் சொந்தம் என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சொன்னால்தான் செல்லும், ஒருதலைக் காதல் எடுபடாது. இதைக் குரோம் மதிக்கிறது. உங்கள் வங்கி அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். என் வங்கி செய்ததாகத் தெரியவில்லை.

ஆக, ‘முகவரி வேறு என்றால் கொடுக்காது’ என்று நான் எழுதியதை, ‘அந்த வீட்டுக்காரரே சொல்லிவைத்தால் ஒழியக் கொடுக்காது’ என்று திருத்திப் படிக்கவும்.

நவம்பர் 5, இரவு 11.10

‘அப்டேட் செய்யவா?’ என்று கீழே ஒரு பெட்டி வருமே, அதைப் பற்றி எழுதாமல் தூக்கம் வராது.

சில வங்கிகளில் லாகின் பாஸ்வேர்டு ஒன்று, பணம் அனுப்பும்போது கேட்கும் பரிவர்த்தனை பாஸ்வேர்டு இன்னொன்று. இரண்டும் ஒரே முகவரியில். பிரவுசருக்கு இரண்டும் வெறும் பாஸ்வேர்டு கட்டம்தான். இரண்டாவதை நீங்கள் டைப் செய்ததும், ‘ஓ, பாஸ்வேர்டை மாற்றிவிட்டார் போல’ என்று நினைத்துக்கொண்டு அப்டேட் செய்யவா என்று பவ்யமாகக் கேட்கும். நானும் பவ்யமாகச் சரி என்று தட்டினேன். லாகின் பாஸ்வேர்டின் மேலேயே பரிவர்த்தனை பாஸ்வேர்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. அது பிரவுசரே போட்டுக்கொடுத்த 18 எழுத்துச் சரம், என் தலையில் எங்கே இருக்கும்?

மறுநாள் தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். தானாக விழுந்தது, தட்டினேன், தவறு. விழுந்தது சரியாகத்தான் இருக்கும் என்று மறுபடி தட்டினேன், தவறு. மூன்றாவது முறையும் தட்டினேன் பாருங்கள், அதுதான் என் அறிவு. கணக்கு பூட்டிக்கொண்டது. கடைசியில் மாமா கணக்கிலிருந்து ஃபீஸ் போயிற்று. தீபாவளிக்குத் தீபாவளி அதை அவர் எல்லோரிடமும் சொல்கிறார்.

அந்தப் பெட்டியில் யூசர் பெயரைத் திருத்த முடியும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். இப்போது பெயரின் பின்னால் ‘பரிவர்த்தனை’ என்று ஒட்டித் தனிப் பதிவாக வைத்திருக்கிறேன். ஒரே தளத்துக்கு இரண்டு பதிவு, எது வேண்டுமோ அதைத் தொட்டால் போதும்.

நவம்பர் 6, காலை 7.05

அதே குடும்பத்தில் இன்னொரு பிள்ளை: கேப்ச்சா, அதாவது நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கப் படத்தில் காட்டி டைப் செய்யச் சொல்லும் கோணல் எழுத்துகள். பாஸ்வேர்டு கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துக் கட்டத்தைத்தான் யூசர் பெயர் என்று பிரவுசர் ஊகிக்கும். அங்கே கேப்ச்சா கட்டத்தை வைத்துக் கட்டிய தளங்கள் உண்டு. என் பட்டியலில் ஒரே தளத்துக்கு ஆறு பேர் இருக்கிறார்கள். நான், அப்புறம் எக்ஸ்7கேடி, பி3எம்எம்ஓ என்று வேற்றுக்கிரகத்து உறவுக்காரர்கள் ஐந்து பேர். அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

நவம்பர் 8, மாலை 5.30

“எல்லாவற்றையும் சிஎஸ்வியாக (வெறும் எழுத்தாலான அட்டவணைக் கோப்பாக) எடுத்து, எக்செலில் முகவரியைத் திருத்தி, மறுபடி ஏற்றிவிட்டால் ஒரேயடியாக முடிந்தது” என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. நான் இதைச் செய்தவன். இரண்டு அடி வாங்கியவன்.

ஒன்று, அந்த ஆப் எண்களைக் கண்டால் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். 0073 என்று வெறும் எண்ணாக இருக்கும் பாஸ்வேர்டு சேமித்த பிறகு 73 ஆகிவிடும். நீளமான எண்ணாக இருந்தால் 1.2இ+15 என்று சுருங்கிப் படுத்துவிடும். சமக்குறியில் தொடங்கினால் அதை ஃபார்முலா என்று நினைத்துப் பிழை காட்டும். திரும்ப ஏற்றிய பிறகு எது கெட்டது, எது கெடவில்லை என்று தெரியாது. ஒவ்வொரு தளமாகப் போய் முட்டிக்கொண்டால்தான் தெரியும். எனக்கு நான்கு மாதம் முட்டியது.

இரண்டு, அந்தக் கோப்பில் பூட்டு கிடையாது. எல்லாம் பச்சையாக, யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி. வேலை முடிந்ததும் அழிப்போம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். என்னுடையது டவுன்லோட்ஸில், ஒரு கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்புக்கும் கேஸ் ரசீதுக்கும் நடுவே, ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த போனைத்தான் என் அக்கா பையனிடம் கேம் விளையாடக் கொடுத்துவந்தேன்.

ஏழெட்டு வங்கிப் பதிவுகளுக்காக இந்த வித்தை வேண்டாம். கையால் ஒவ்வொன்றாகப் போட்டால் பத்து நிமிஷம்.

நவம்பர் 9, காலை 10.00

“நோட்டில் எழுதி வைத்தால் என்ன குறைச்சல்?” என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். குறைச்சல் ஒன்றும் இல்லை சார். கும்பகோணத்தில் என் அம்மா மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதி வைத்திருக்கிறாள். அது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த உலகத்தில் எந்த ஹேக்கரும் அந்த அரிசி டின்னை எட்ட முடியாது.

போனில் என்ன நடக்கிறது பாருங்கள். முன்பு ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் பாஸ்வேர்டுகளுக்கென்று தனியாக ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு போடலாம். 2020இல் அந்த பிரவுசரை அடியோடு மாற்றி வெளியிட்டபோது அது போய்விட்டது. இப்போது போனின் ஸ்கிரீன் லாக்தான் பூட்டு. குரோமிலும் பட்டியலைப் பார்க்க ஸ்கிரீன் லாக்கைத்தான் கேட்கிறது. அம்மா போனின் பேட்டர்ன் ஆங்கில எல் எழுத்து. தெருவில் பால் ஊற்றுகிறவர் முதல் பேத்தி வரை எல்லோருக்கும் தெரியும். ‘எல் போடு’ என்று அம்மாவே சொல்லித்தான் போனைக் கொடுப்பாள்.

எனவே அம்மாவுக்கு அரிசி டின்னே மேல். ஒரு குறை மட்டும் உண்டு. நோட்டு விலாசம் பார்க்காது. எந்தப் பக்கம் திறந்திருந்தாலும் அம்மா அதைப் பார்த்து டைப் செய்துவிடுவாள்.

நவம்பர் 9, இரவு 8.45

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். எல் பேட்டர்னை மாற்றச் சொன்னேன். “சரி, என்ன போடட்டும்?” என்றாள். அப்பா பக்கத்திலிருந்து “இசட் போடு” என்று கத்துவது இங்கே வரை கேட்டது.

நவம்பர் 12, இரவு 10.30

சிங்க் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் என்னைப் போல் போடாதீர்கள்.

2022இல் போன் மாற்றினேன். பழைய போனைக் கடையில் கொடுக்கும் முன் பொறுப்பாக எல்லாவற்றையும் அழித்தேன். புதிய போனில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து கணக்கில் நுழையப்போனால், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை. எங்கே சேமித்திருந்தேன்? ஃபயர்ஃபாக்ஸில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டியைக் கொளுத்தியும் விட்டேன்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால் ஈமெயிலில் புதிது போட லிங்க் வரும். வந்தது, போட்டேன். உள்ளே போனால் காலி வீடு. காரணம் இதுதான்: சிங்கில் இருப்பதை உங்கள் பாஸ்வேர்டிலிருந்து உருவாகும் சாவியால் போனிலேயே பூட்டித்தான் மேலே அனுப்புகிறார்கள். அவர்களாலும் திறக்க முடியாது. பாஸ்வேர்டை மறந்து புதிது போட்டால், பழைய சாவியால் பூட்டியது யாருக்கும் உதவாது, அழிந்துவிடும். இதற்காகவே கணக்கு செட்டிங்ஸில் மீட்புச் சாவி ஒன்றை முன்கூட்டியே எடுத்துவைக்கலாம். எடுத்து வைத்திருந்தால் தப்பித்திருப்பேன்.

பிழைத்தது எப்படி என்றால், பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதிலும் அதே கணக்கு போட்டிருந்தேன், 2019க்குப் பிறகு தொடவே இல்லை. தூசி தட்டி ஓடவிட்டு, புதிய பாஸ்வேர்டில் நுழைந்ததும் அதற்குள் இருந்ததெல்லாம் மேலே ஏறி போனுக்கு வந்தது. 2019 வரைக்குமான நான் திரும்பக் கிடைத்தேன்.

இப்போது அந்த ஒரு பாஸ்வேர்டும் மீட்புச் சாவியும் எங்கே இருக்கின்றன என்று கேட்காதீர்கள். கும்பகோணத்தில் அரிசி விலை ஏறினாலும் அந்த டின் காலியாகாது என்று மட்டும் சொல்கிறேன்.

நவம்பர் 14, காலை 8.10

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் தளங்களைத் திட்டி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். முழுக்க உடன்படுகிறேன். அப்படி மாற்றச் சொன்னால் ஆடிமாதம்@3 என்பதை ஆடிமாதம்@4 ஆக்குவோம், வேறென்ன செய்வோம்? காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே சொல்லிவிட்டது. 2003இல் பழைய விதிகளை எழுதிய பில் பர், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அதே வருஷம் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அவர் வருத்தம் நம்மூர்த் தளங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நவம்பர் 19, இரவு 9.50

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கரண்ட் பில் தளம் சரியாகிவிட்டதாம், வங்கியிலும் புதிய முகவரியில் விழுகிறதாம். “பட்டியலில் வங்கி இரண்டு தடவை இருக்கிறது, பழையதை அழிக்கவா, வைக்கவா?”

4ஆம் தேதி ‘பாட்டுக்கு இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தேன். மாற்றிச் சொல்கிறேன். அழித்துவிடுங்கள்.

பழைய முகவரியை வங்கி எத்தனை வருஷம் காசு கட்டி வைத்திருக்கும்? ஒருநாள் புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாராவது வாங்கிக்கொள்ளலாம். வாங்கினவர் அங்கே அதே மாதிரி ஒரு பக்கத்தைப் போட்டால், நம்முடைய தபால்காரர் ‘பழகின வீடுதானே’ என்று போய்க் கொடுத்துவிட்டு வருவார். எந்தக் குணம் இத்தனை நாள் காப்பாற்றியதோ அதே குணம். புதிய முகவரியில் ஒருமுறை நுழைந்து சரிபார்த்துவிட்டு, பழைய பதிவை எடுத்துவிடுங்கள். வங்கிப் பாஸ்வேர்டையும் வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றிவிட்டால் இன்னும் நல்லது, பழையது யார் கைக்குப் போனாலும் வேலைக்காகாது.

நவம்பர் 20, காலை 6.15

அடுத்தவருக்குச் சொன்னதை நாமும் செய்வோம் என்று ராத்திரி உட்கார்ந்தேன். 212 பதிவுகள். வங்கியின் பழைய முகவரி போயிற்று. கேப்ச்சா உறவுக்காரர்கள் ஐந்து பேரும் போனார்கள். மூடிப்போன புத்தகக் கடை, எப்போதோ எழுதிய ஒரு தேர்வின் ரிசல்ட் தளம், பரண் கம்ப்யூட்டரிலிருந்து ஏறி வந்த பழசுகள் எல்லாம் போயின. ஒரு மணிக்கு முடித்தபோது 91 மிச்சம்.

மூடிப்போன தளங்களில் அழிக்காமல் விட்டது ஒன்றுதான். 2014 செப்டம்பரில் மூடிய ஆர்குட் என்ற சமூக வலைத்தளம். ஆசையில் வைக்கவில்லை. எங்கள் வீட்டு வைஃபைக்கு இன்னும் அதே பாஸ்வேர்டுதான், வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.